அம்மாவின் பெட்டியை அரும்பொருளகத்திடம் ஒப்படைப்பது எப்படி: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பழைய பொருள்கள் பெரும்பாலும் வீடு மாறும் நாளில்தான் அழிகின்றன. பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகும்போதோ, பெற்றோர் காலமானபின் வீட்டைக் காலி செய்யும்போதோ, கல்யாணப் பத்திரிகையும் சம்பளச் சீட்டும் சங்க ஆண்டு மலரும் ஒரே கறுப்புப் பையில் கட்டப்பட்டுக் குப்பைக்குப் போய்விடுகின்றன. அரும்பொருளகத்திடம் கொடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் யாரிடம் போவது, என்ன கேட்பார்கள், எவ்வளவு நாள் ஆகும் என்பது தெரிவதில்லை.

என் உடன்பிறந்தவர்களும் நானும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தவற்றை ஒப்படைக்க முயன்றபோது, பொருள்களைத் தேடுவதற்கு ஆன நேரத்தைவிட அவற்றைப் பற்றிய தாள்களையும் கையெழுத்துகளையும் தேடுவதற்கு ஆன நேரமே அதிகம். அந்தத் தாள்கள் என்னென்ன என்று முன்பே தெரிந்திருந்தால் பெரும்பகுதி வேலை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அடுத்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்தப் பொருளுக்கு எந்த வாசல் என்று பாருங்கள்

இந்தியச் சமூகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் பொருள்களுக்கு முதல் வாசல், கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம். தேசிய மரபுடைமைக் கழகத்தின் குடையின்கீழ் இது மட்டுமல்லாமல் தேசிய அரும்பொருளகம், மலாய் மரபுடைமை நிலையம் முதலியவையும் வருகின்றன. ஆகவே ஓரிடத்துக்குப் பொருந்தாத பொருள் இன்னோரிடத்துக்குப் பொருந்தலாம். தேக்காவில் இருந்த கடையின் பெயர்ப்பலகை இந்தியச் சமூகத்தின் கதையாகவும் இருக்கலாம், நகரத்தின் வணிகக் கதையாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது அவர்கள் வேலை.

கடிதங்கள், அலுவலகத் தாள்கள், நிழற்படத் தொகுப்புகள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றுக்கு, தேசிய நூலக வாரியத்தின்கீழ் இயங்கும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் பொருத்தமான இடம். அச்சான நூல்கள், சங்க மலர்கள், கையெழுத்துப் பத்திரிகைகள் தேசிய நூலகத்துக்கு உரியவை. இங்கே வெளியாகும் அச்சு நூல்களில் இரண்டு பிரதிகளை நூலக வாரியத்துக்கு வழங்க வேண்டும் என்பது சட்டம் என்றாலும், சங்கங்கள் தங்களுக்குள் அச்சிட்டு வழங்கிய பழைய மலர்கள் பல அங்கே சேராமலே போயிருக்கலாம். உங்களிடம் இருக்கும் பிரதி தேவையற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன் நூலகப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரே பொருளைப் பற்றி இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்ததாக, பெட்டியில் ஒன்றாக இருந்தவற்றை வகை வகையாகப் பிரிப்பதற்கு முன், திறந்தபடியே இருக்கும் பெட்டியையும் ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு எந்த உறைக்குள் இருந்தது, அந்த உறையின்மேல் யார் கையெழுத்து இருந்தது என்பதெல்லாம் பிறகு ஒருவரும் நினைவில் வைத்துச் சொல்ல முடியாத சான்றுகள்.

பழையதாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் கோவிட் காலத்திலேயே மரபுடைமைக் கழகமும் நூலக வாரியமும் அந்த நாள்களின் பொருள்களையும் படங்களையும் பொதுமக்களிடமிருந்து கேட்டுச் சேகரிக்கத் தொடங்கின. தொண்ணூறுகளில் வேலைக்கு வந்தவர் ஊருக்குப் பேச வாங்கிய தொலைபேசி அட்டைகளும் இன்று வரலாறுதான்.

2. பொருள் உங்களுடையதுதானா என்று தாளில் நிறுவுங்கள்

பலருக்கும் வேலை நிற்கும் இடம் இதுதான். அரும்பொருளகத்தில் தொகுப்புக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர்கள் முதலில் கேட்பது பொருளின் வயதை அல்ல. கொடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதை.

பெற்றோர் உயில் எழுதி வைத்திருந்தால் அதன் நகலை எடுத்து வையுங்கள். உயில் இல்லையென்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தின்படி, துணைவர் உயிருடன் இருந்தால் சொத்தில் பாதி அவருக்கும் மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். முஸ்லிம்களுக்கு ஃபராயிட் என்னும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறை பொருந்தும். அதாவது, அம்மாவின் அஞ்சறைப் பெட்டி உங்கள் வீட்டு அலமாரியில் பத்து ஆண்டுகளாக இருந்தாலும், அது உங்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்தே உரியது. அவர்களில் ஒருவர் பெர்த்திலோ சென்னையிலோ இருந்தால் கையெழுத்து வாங்கவே வாரங்கள் ஆகும். ஆகவே, “கீழ்க்கண்ட பொருள்களை அரும்பொருளகத்துக்கு நன்கொடையாக வழங்க எங்களுக்குச் சம்மதம், எங்கள் சார்பில் இன்னார் கையெழுத்திடுவார்” என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, பொருள்களின் பட்டியலையும் படங்களையும் இணைத்து, வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் நகலும் உங்கள் பிறப்புச் சான்றிதழ் நகலும் அதே உறையில் இருக்கட்டும்.

பட்டியலில் படம் இணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “பழைய நகைப் பெட்டி” என்று எழுதியதை ஒருவர் வெறும் மரப்பெட்டி என்றும் இன்னொருவர் நகையோடு சேர்ந்த பெட்டி என்றும் புரிந்துகொண்டு குடும்பத்துக்குள் மனக்கசப்பு வந்ததை அறிவேன்.

சங்கப் பொருள்களில் சிக்கல் வேறு விதம். கூட்டக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகம் முதலியவை முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில் இருந்தாலும் அவை சங்கத்தின் சொத்து. சங்கம் இன்னும் இயங்கினால் செயற்குழுவின் தீர்மான நகல் வேண்டும். கலைக்கப்பட்டிருந்தால் கலைத்தபோது சொத்துகளை என்ன செய்வதாகத் தீர்மானித்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோயில் பொருள்களும் அப்படித்தான். ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் உள்ளிட்ட நான்கு கோயில்களை இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. மற்றவற்றுக்குத் தனித்தனி நிர்வாகக் குழுக்கள் உண்டு. தாத்தா திருப்பணிக் குழுவில் இருந்தார் என்பதற்காக, அவர் வீட்டில் இருந்த பழைய வெண்கல மணி குடும்பத்துக்குச் சொந்தமாகிவிடாது.

தாளுக்கு உரிமை வேறு, எழுத்துக்கு உரிமை வேறு என்பதையும் கவனியுங்கள். நண்பர் உங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது. அதிலுள்ள வாசகங்களின் பதிப்புரிமை அந்த நண்பருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. கடிதத்தைக் கொடுக்க இது தடையில்லை. அதை நூலில் அச்சிடவும் இணையத்தில் ஏற்றவும் அனுமதிக்கும் உரிமை மட்டும் உங்களிடம் இல்லை. கட்டணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த பழைய படங்களைப் பொறுத்தவரை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை என்பதுதான் பழைய சட்டம். 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது தலைகீழாகி, படம் எடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிவிட்டார். ஆகவே படம் எடுத்த ஆண்டைக் குறித்து வைப்பது சட்டத்துக்காகவும் தேவைப்படுகிறது.

3. ஊரிலிருந்து எடுத்து வருவதாக இருந்தால் நிறுத்தி யோசியுங்கள்

தமிழ்நாட்டில் இருக்கும் பூர்வீக வீட்டுச் சுவடியையோ சிலையையோ மரச்சிற்பத்தையோ இங்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களையும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளாக இருந்தால் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்டவற்றையும் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வயது குறைவு என்று நீங்கள் நம்பினாலும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெறுங்கள். விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. ஏற்கெனவே பல காலத்துக்கு முன் கப்பலில் வந்து சேர்ந்த பொருளாக இருந்தால், எப்போது வந்தது என்பதற்குப் பழைய படமோ கடிதமோ இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சான்று இல்லாத சிலையைப் பொறுப்புள்ள எந்த அரும்பொருளகமும் இன்று தொடத் தயங்கும்.

யானைத் தந்தம் உள்ள பொருள்களைச் சிங்கப்பூரில் விற்க 2021 செப்டம்பர் 1 முதல் தடை உண்டு. விற்பனை நோக்கமற்ற கல்விக் காட்சிக்கு அந்தத் தடை இல்லை என்பதால் கொடுப்பதற்கு வழி உண்டு. ஆனால் தந்தம் என்பதை மறைக்காமல் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. துலக்காதீர்கள், ஒட்டாதீர்கள்

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம் என்றாலும் சொல்லியே ஆக வேண்டும்: பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துச் செல்ல வேண்டாம். அடிப்பிடித்த கரி, தேய்ந்த பெயர்வெட்டு, ஈயம் பூசிய தடம் எல்லாம் அந்தப் பாத்திரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்குச் சாட்சி. துலக்கினால் சாட்சி போய்விடும்.

கிழிந்த தாளைச் செலோடேப் கொண்டு ஒட்டக்கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். படங்களை லாமினேட் செய்வது திரும்பப் பெற முடியாத சேதம். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்து எடுக்க வேண்டாம்; பக்கத்தோடு அப்படியே கொண்டுபோகலாம். ரசகற்பூர உருண்டைகளை அப்புறப்படுத்திவிடுங்கள். இந்த ஊரின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த பட்டுப் புடவையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், துவைத்துக் கஞ்சி நீக்கிய பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மடிப்புக் கோடுகளை அவ்வப்போது மாற்றி வையுங்கள்.

படத்தின் பின்புறம் எதையும் பேனாவால் எழுதாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் மென்மையான 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.

5. விவரத் தாள் எழுதுங்கள்

இந்த வேலையில் நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். பித்தளைத் தூக்கு எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் இரவு வேலைக்குப் போன ஒருவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அதில் சோறு கொண்டுபோனார், அதில் வெட்டியிருக்கும் எழுத்துகள் யாருடைய பெயர், தூக்கு எந்தக் கடையில் வாங்கியது என்பது தெரிந்தால்தான் அது காட்சிப் பேழைக்குள் போகும். விவரம் இல்லாத அழகான பொருளைவிட விவரம் உள்ள சாதாரணப் பொருளையே கண்காணிப்பாளர்கள் விரும்புகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் போதும். யாருடையது, எங்கே செய்யப்பட்டது அல்லது வாங்கப்பட்டது, எப்போது, யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள், கடைசியாகப் பயன்பட்டது எப்போது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, இந்தத் தகவலை உங்களுக்குச் சொன்னவர் யார் என்பவை அதில் இருக்கட்டும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். “அப்பா சொன்னது”, “பெரியம்மா சொன்னது”, “நான் ஊகித்தது” என்று பிரித்து எழுதினால் உங்கள் தாளின் நம்பகம் கூடும். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள்.

ஆண்டு தெரியாத தாள்களுக்கு, தாளே துப்புக் கொடுக்கும். முகவரியில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமாக இருந்தால் 1995-க்குப் பிந்தியது. நான்கு இலக்கமாக இருந்தால் 1979-க்கும் 1995-க்கும் இடைப்பட்டது. தொலைபேசி எண் எட்டு இலக்கமாகி முதலில் 6 இருந்தால் 2002-க்குப் பிந்தியது. ரசீதில் ஆண்டு 2602 அல்லது 2603 என்று இருந்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜப்பானியர் ஆட்சிக் காலத்து ஆண்டுக் கணக்கு, முறையே 1942, 1943. ஊரின் பெயர் சியோனான் என்று அச்சாகியிருந்தாலும் அந்தக் காலமே. இந்திய தேசிய ராணுவம் சார்ந்த நன்கொடை ரசீதுகளும் அடையாளச் சீட்டுகளும் பெரும்பாலும் 1943-க்கும் 1945-க்கும் இடைப்பட்டவை. அவற்றுக்குப் போலிகள் நடமாடக்கூடும் என்பதால், உங்கள் குடும்பத்தில் யார் வழியாக வந்தது என்ற தகவல் இரட்டிப்பு முக்கியம்.

கல்யாணப் பத்திரிகையில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவில் வைத்துக் கணக்கிடுங்கள். விகாரி என்றால் 1959-ஆகவும் இருக்கலாம், 2019-ஆகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை அச்சகத்தின் முகவரி சொல்லிவிடும். மாதமும் கிழமையும் திதியும் இருந்தால் பஞ்சாங்கத்தை வைத்து நாளையே பிடித்துவிடலாம். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு பத்திரிகையில் மணமகள் பெயருக்கு மேலே, மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த குடியிருப்பின் பிளாக் எண் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பத்திரிகை கொடுக்கப் போனவர் வழி தெரிவதற்காகக் குறித்துக்கொண்டது. அச்சிட்ட வாசகத்தைவிட அந்தப் பென்சில் குறிப்பைத்தான் எங்களிடம் நீண்ட நேரம் விசாரித்தார்கள்.

இடப்பெயர்களில் கவனம் வேண்டும். “தேக்கா மார்க்கெட் வாசலில் எடுத்த படம்” என்று எழுதினால் போதாது. பழைய சந்தை சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. இப்போதைய கட்டடம் 1982-இல் சூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டு 2000-இல் தேக்கா ஆனது. எந்தப் பக்கம் என்பதை வைத்தே படத்தின் காலத்தைச் சொல்லிவிடலாம். வீட்டார் வழங்கிய பெயரையும் இன்றைய சாலைப் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள்.

6. படத்தில் இருப்பவர்களைத் தேடிப் போங்கள்

குடும்பப் படம் என்று நாம் சொல்லும் பலவற்றில் குடும்பத்தார் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். தீபாவளிப் படத்தில் வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் சீன முதலாளி, கால்பந்துக் குழுவில் நடுவில் நிற்கும் சீக்கியர் ஆகியோரின் பெயர்களையும் கண்டுபிடிக்க முயலுங்கள். படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனால், அவர்களிடம் அதே நாளில் வேறு கோணத்தில் எடுத்த படம் இருப்பதும் உண்டு. எங்கள் பேட்டைப் படம் ஒன்றுக்குப் பாதிப் பெயர்களைச் சொன்னவர், எங்கள் உறவினர் யாரும் அல்ல. எதிர்வீட்டில் இருந்த மலாய்க் குடும்பத்து மூத்த மகள். யார் வீட்டு முறுக்கு எந்த வீட்டுத் தட்டில் வந்தது என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

இப்படி இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே தொகுப்பாக முன்வைப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட வலுவானது. சமூகங்களோடு சேர்ந்து கண்காட்சி அமைப்பது நகர அரும்பொருளகங்களின் இன்றைய வழக்கம். கேம்பல் லேன் நிலையத்தில் 2018-இல் மலாக்கா செட்டிகள் பற்றியும், 2019-இல் தமிழர் மரபு பற்றியும், 2021-இல் சீக்கியர்கள் பற்றியும் சிறப்புக் கண்காட்சிகள் நடந்தன. மலாக்கா செட்டிகளின் வீட்டில் சிவ வழிபாடும் மலாய்ப் பேச்சும் சாரோங் கெபாயாவும் ஒன்றாக இருப்பதை எந்த ஒரு சமூகத்தின் பெட்டிக்குள்ளும் அடைக்க முடியாது. உங்கள் பொருளும் அப்படி இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிற்பதாக இருந்தால் அதை மறைக்காமல் முதலில் சொல்லுங்கள். அதுவே அதன் பலம்.

தொகுப்பாகக் கொடுக்கும்போது ஒவ்வொரு பொருளின் உரிமையாளரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒருவர் கையெழுத்திட்டால் பிறகு திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

7. பொருளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், எழுதி அனுப்புங்கள்

முன்னறிவிப்பின்றி வரவேற்பு மேசையில் பையை வைத்துவிட்டு வருவது கூடாது. அங்கிருப்பவர்களுக்குப் பொருளை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் இருக்காது. தொகுப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரு பொருளுக்கு மூன்று படங்கள் போதும்: முன்புறம், பின்புறம், அளவுகோலோடு ஒன்று. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின்மேல் வைத்து, கைப்பேசியில் எடுத்தாலே நன்றாக வரும். நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். சேதம் இருந்தால் அதையும் படமெடுத்துச் சேருங்கள்.

முதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பரம்பரைப் பெருமைகளை நான்கு பக்கம் எழுதிவிட்டுப் பொருள் என்ன என்பதை ஐந்தாம் பக்கத்தில் சொல்லும் கடிதங்களுக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். எழுதுவதற்கு முன், மரபுடைமைக் கழகத்தின் தொகுப்புப் பொருள்களைக் காட்டும் ரூட்ஸ் இணையத்தளத்தில் அதே வகைப் பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களுடையது எந்த வகையில் வேறுபட்டது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

பதிலுக்குப் பல வாரங்கள் ஆகலாம். அதன்பின் கண்காணிப்பாளர் நேரில் பார்க்க வருவார் அல்லது வரச் சொல்வார். அவருக்குப் பிடித்துவிட்டதாலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகாது. கொள்முதல் குழுவின் ஒப்புதல் வேண்டும், அந்தக் குழு ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். ஆகவே தொடக்கத்திலிருந்து கையெழுத்து வரை மாதக்கணக்கில் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டை ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது என்பவர்கள் அதைக் கடிதத்தில் குறிப்பிட்டுவிட்டு, பொருள்களை உறவினர் வீட்டில் வைக்க மாற்று ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள்.

பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்துச் செல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், படத்துடன் கூடிய ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். ஆண்டுவிழா மலருக்காக ஓர் அமைப்புக்கு எங்கள் உறவினர் கொடுத்த ஆல்பம் பொறுப்பாளர்கள் மாறியபின் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள் தாமாகவே ரசீது கொடுக்கும். நண்பர்கள் நடத்தும் சிறிய கண்காட்சிகளில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

8. நன்கொடையா, இரவலா, நகலா என்று முடிவு செய்யுங்கள்

நன்கொடை என்றால் உரிமை முழுவதும் மாறிவிடும். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டபின் பொருள் தேசியத் தொகுப்பின் சொத்து. பேரன் கல்யாணத்துக்கு ஒருநாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிவர முடியாது. அது எப்போதும் காட்சியில் இருக்கும் என்ற உறுதியும் கிடைக்காது. மரபுடைமைக் கழகத்தின் தொகுப்பில் 250,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. பெரும்பாலானவை ஜூரோங்கில் உள்ள மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்தில்தான் இருக்கின்றன. இதைக் கேட்டு மனம் சுணங்குகிறவர்கள், நம் வீட்டுப் பரணைவிட அந்தக் கிடங்கின் தட்பவெப்பம் மேல் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இரவல் என்பது குறிப்பிட்ட கண்காட்சிக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு. ஒப்பந்தத்தில் தொடக்க நாள், முடிவு நாள், காப்புறுதித் தொகை, போக்குவரத்துப் பொறுப்பு, நிலை அறிக்கை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நிலை அறிக்கை என்பது பொருளில் ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, விரிசல் ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் தாள். கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பிரிய மனமில்லாத பொருளாக இருந்தால் நகல் மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். படங்களுக்கும் தாள்களுக்கும் இது நல்ல வழி. வீட்டிலேயே வருடுவதாக (ஸ்கேன் செய்வதாக) இருந்தால் 600 டிபிஐ அளவில் டிஃப் கோப்பாக, பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப் வழியாகச் சுற்றிவந்த படம் எதற்கும் உதவாது.

எந்த வழியானாலும், காட்சிக் குறிப்பில் கொடுத்தவர் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். இறந்த பெற்றோர் நினைவாகவா, குடும்பத்தின் பெயரிலா, பெயர் இல்லாமலா என்பதையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டல் என்ன என்பதையும் தெளிவாகக் கொடுங்கள்.

9. செலவும் வரியும்

கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது, பணமும் கிடைக்காது. உங்கள் கைக்காசு போவது நகலெடுப்பு, வருடுதல், வெளிநாட்டு உறவினருக்கு அஞ்சல் ஆகியவற்றுக்குத்தான். உறுதிமொழிப் பத்திரம் கேட்கப்பட்டால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் சிறு கட்டணம் கட்ட வேண்டிவரும்.

அங்கீகரிக்கப்பட்ட அரும்பொருளகத்துக்குக் கலைப்பொருளை நன்கொடையாகக் கொடுப்பதற்கு வரிக்கழிவு உண்டு. தகுதிபெறும் நன்கொடைகளுக்கு மதிப்பில் 250 விழுக்காடு கழிவு என்பது 2026 டிசம்பர் 31 வரைக்கும் அறிவிக்கப்பட்ட விகிதம். அதற்குப் பிறகு கொடுப்பவர்கள் அப்போதைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளவும். இரவலுக்கு இது பொருந்தாது. பொருளின் மதிப்பு முறைப்படி மதிப்பிடப்பட வேண்டும் என்பதால், வரிக்கழிவு வேண்டும் என்றால் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சம்பளச் சீட்டுக்கும் தூக்குக்கும் சந்தை மதிப்பு மிகக் குறைவு. அவற்றுக்காக இந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

10. குரலையும் பதிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்

பொருளுக்குக் காலக்கெடு இல்லை; அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவருக்கு உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. தமிழ் நேர்காணல்களும் அதில் உண்டு. பலவற்றை ஆவணக் காப்பகத் தளத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம். ஒரு நேர்காணல் ஏறத்தாழ அரை மணி நேரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் பாட்டியைப் பேச வைப்பதற்கு முன் இரண்டு மூன்றையாவது கேட்டுவிடுங்கள். கேள்வி எப்படிக் கேட்பது என்பது புரிந்துவிடும்.

அந்த நிலையத்தாரால் எல்லாரையும் நேர்காண முடியாது. அழைப்பு வரும் என்று காத்திருக்காமல் நீங்களே பதிவைத் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், ஒருமுறைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயர், நாள், இடம், இந்தப் பதிவைப் பிறர் கேட்கச் சம்மதமா என்பது அவர் குரலிலேயே பதிவாகட்டும். “அந்தக் காலம் எப்படி இருந்தது பாட்டி?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சுப்பா” என்பதோடு முடிந்துவிடும். சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த ரஜுலா கப்பலில் வந்தவரா, வந்து இறங்கியதும் யார் அழைக்க வந்தார், முதல் நாள் எங்கே சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். மேசைமேல் வைத்த பழைய ரேஷன் அட்டை நூறு கேள்விகளுக்குச் சமம்.

கடன், சண்டை, கலப்புத் திருமணம், சாதி பற்றியெல்லாம் பேச்சு வரும். வெட்டிவிடாதீர்கள். முழுப் பதிவையும் வைத்துக்கொண்டு, ஆவணக் காப்பகத்தில் கொடுக்கும்போது எழுத்து அனுமதி பெற்றவர்கள் மட்டுமே கேட்கலாம் என்பது போன்ற கட்டுப்பாடு வைக்க முடியுமா என்று கேளுங்கள். உயிரோடு இருக்கும் மூன்றாம் நபரைப் பற்றிய பேச்சு எந்த நிமிடத்தில் வருகிறது என்பதைத் தனியே குறித்துக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

11. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்

நிராகரிப்புகள் இயல்பு. தையல் இயந்திரமும் அம்மிக்கல்லும் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கலாம். இடம் பிடிக்கும் மரச்சாமான்களை ஏற்பது எந்த நிறுவனத்துக்கும் சிரமம். வேண்டாம் என்றவர்களிடமே வேறு யாருக்குப் பயன்படும் என்று கேளுங்கள். உங்கள் பள்ளி, தொழிற்சங்கம், கோயில் ஆகியவற்றின் சிறிய காட்சியறைகளும் பழைய கடைகள் சிலவற்றில் மரபுடைமைக் கழகத்தின் ஆதரவோடு அமைந்துள்ள தெருமுனைக் காட்சிக்கூடங்களும் உண்டு. விவரத் தாள் தயாராக இருப்பதால், அடுத்த இடத்துக்கு எழுத உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஏற்றுக்கொண்டால், பத்திரத்தின் நகல், பொருளுக்குக் கொடுத்த தொகுப்பு எண், கண்காணிப்பாளரின் மின்னஞ்சல் ஆகியவற்றைக் குடும்பத்தில் குறைந்தது இருவரிடம் கொடுத்து வையுங்கள். பிற்காலத்தில் படத்தில் இருக்கும் இன்னொருவரின் பெயர் தெரியவந்தால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் பதிவைத் திருத்திக்கொள்வார்கள். கிடங்கில் இருக்கும் பொருளைப் பார்க்க விரும்பினாலும் அந்த எண்ணோடுதான் விண்ணப்பிக்க வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.